லைன்ஸ்மேன் கொடி தூக்கினால் ரெஃப்ரி விசிலடித்தே ஆகவேண்டுமா?

குமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரைப் பக்கம் ஒரு ஊர் கால்பந்து டூர்னமென்டில் லைன்ஸ்மேனாக, அதாவது பக்கக் கோட்டில் கொடியோடு, நின்ற ஒருவர் கேட்டிருக்கிறார். ரெஃப்ரி கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளி, லைன்ஸ்மேன் இருவரும் உள்ளூர், காதில் மாட்டும் ஹெட்செட் எதுவும் இல்லை. முதல் பாதியில் இவர் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்க, ரெஃப்ரி கையை அசைத்து இறக்கச் சொல்லிவிட்டார். இரண்டாம் பாதியில் இவர் மூலையில் பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி கட்டத்துக்குள்) ஒரு ஃபவுல். கொடியை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறார், ரெஃப்ரி பார்க்கவே இல்லை, பந்து மறுபக்கம் போய் கோலாகிவிட்டது. ஊர்க்காரர்கள் இவரைத்தான் ஏசினார்களாம். "கொடி தூக்கினால் ரெஃப்ரி விசிலடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லையா?" என்பது கேள்வி. எனக்குப் படுவது, இவர் உண்மையில் கேட்பது வேறு: நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தானே பார்த்தோம், முடிவு மட்டும் ஏன் இரண்டாகப் போனது?

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆட்டவிதிகளில் 5-ஆம் விதி ரெஃப்ரியைப் பற்றியது, 6-ஆம் விதி மற்ற அதிகாரிகளைப் பற்றியது. முடிவு ரெஃப்ரியுடையது, மற்றவர்கள் அவர் சொல்படி அவருக்கு உதவுகிறவர்கள். அளவுக்கு மீறித் தலையிடும் லைன்ஸ்மேனை அவர் பணியிலிருந்து விலக்கவும் செய்யலாம். 1891-க்கு முன் இது வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு அணியும் ஆளுக்கொரு அம்பயரை அழைத்து வரும். அவர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் வெளியே நிற்கும் ரெஃப்ரியிடம் கேட்பார்கள். அந்த ஆண்டில் ரெஃப்ரி உள்ளே வந்தார், அம்பயர்கள் கோட்டுக்குப் போனார்கள். 1996-ல் 'லைன்ஸ்மேன்' என்ற பெயரும் போய் 'துணை நடுவர்' ஆனது. நம் கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் லைன்ஸ்மேன் என்றே எழுதுகிறேன். ஆக, கொடி என்பது தகவல். ரெஃப்ரியிடம் இல்லாத ஒன்றை அது சொல்ல வேண்டும், அவர் பார்க்கும் நேரத்தில் சொல்ல வேண்டும்.

அந்த ஆஃப்சைடை நான் பார்க்கவில்லை. ரெஃப்ரி செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆஃப்சைடு கொடியை இறக்கச் சொல்ல நியாயமான காரணங்கள் சில உண்டு. ஆஃப்சைடு நிலை என்பது, தன் அணியாள் பந்தை ஆடும் நொடியில் எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும்விடக் கோல் லைனுக்கு அருகே இருப்பது. அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமில்லை. அந்த ஆள் பந்தைத் தொட வேண்டும், அல்லது எதிராளியின் ஆட்டத்தில் குறுக்கிட வேண்டும், அல்லது கம்பத்திலோ கோலி மேலோ பட்டுத் திரும்பிய பந்தில் ஆதாயம் பெற வேண்டும். நீங்கள் கொடி தூக்கிய நொடியில் அவன் ஓடிக்கொண்டுதான் இருந்தான், பின்னாலிருந்து ஆன்சைடில் வந்த இன்னொருவன் பந்தை எடுத்துக்கொண்டான் என்றால் கொடிக்கு வேலையில்லை. பந்து நேராகக் கோலி கைக்குப் போய்விட்டால், விசிலடித்து ஃப்ரீ கிக் கொடுப்பதைவிட ஆட்டத்தை ஓடவிடுவது தற்காப்பு அணிக்கே நல்லது. இன்னொன்று, கடைசியாகப் பந்தைத் தொட்டது யார் என்பது. டிஃபென்டர் வேண்டுமென்றே பந்தை ஆடியிருந்தால் ஆஃப்சைடு குற்றம் இல்லை, கோலுக்குப் போன பந்தைத் தடுத்த 'சேவ்' மட்டும் இதில் சேராது. நாலு கால்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் யார் கால் பட்டது என்று 40 மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்குத் தெரியாது. 10 மீட்டரில் நிற்கும் ரெஃப்ரிக்குத் தெரியலாம். அதனால் வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் முறை: எங்கே நின்றான் என்பது லைன்ஸ்மேன் கணக்கு, யார் தொட்டது என்பது ரெஃப்ரி கணக்கு. அவர் இறக்கச் சொன்னால் முறைத்துக்கொண்டு நிற்காமல் உடனே கொடியை இறக்கிவிட்டு ஓடி அடுத்த கோட்டைப் பிடியுங்கள். கொடி மேலே நிற்கும் ஒவ்வொரு நொடியும் டிஃபென்டர்கள் ஓடாமல் கை தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அதில் கோல் விழும்.

இப்போது டிவி பார்த்துப் பழகியவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். தெளிவான ஆஃப்சைடு என்று தெரிந்தும் அந்தத் தாக்குதல் முழுக்க முடியும்வரை கொடியைக் கீழே வைத்திருக்கிறார்கள். அந்தத் தாமதம் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் ஏற்பாடு) இருக்கும் ஆட்டத்துக்கு உரியது; பின்னால் திரும்பிப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது என்பதால் அங்கே காத்திருக்கிறார்கள். நம் மைதானத்தில் அந்தக் கருவி இல்லை. இங்கே பொறுக்க வேண்டிய அளவு, பந்தை யார் ஆடப்போகிறார் என்று தெரியும்வரைதான். ஆஃப்சைடில் இருப்பவன் ஒருவனே பந்தைத் துரத்துகிறான், வேறு ஆன்சைடு ஆள் யாரும் எட்ட முடியாது என்றால் அவன் தொடுவதற்கு முன்பே தூக்கலாம். அவனும் கோலியும் மோதிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தால் தூக்கத்தான் வேண்டும். தூக்கும்போது முதலில் நேர் மேலே. விசில் வந்தபிறகு இடத்தைக் காட்டுங்கள்: மைதானத்தின் எதிர்ப்பக்கம் என்றால் 45 பாகை மேல்நோக்கி, நடு என்றால் தோள் மட்டத்தில் நேராக, உங்கள் பக்கம் என்றால் 45 பாகை கீழ்நோக்கி. ரெஃப்ரி பார்க்கவில்லை என்றால், அவர் பார்க்கும்வரை, அல்லது பந்து தெளிவாகத் தற்காப்பு அணி வசம் வரும்வரை, கொடி மேலேயே இருக்கட்டும்.

ரெஃப்ரி உங்கள் கொடியை நம்ப வேண்டுமானால் நீங்கள் கோட்டில் நிற்க வேண்டும். கடைசிக்கு முந்தைய டிஃபென்டர், அல்லது பந்து அவரைவிடக் கோல் லைனுக்கு அருகே இருந்தால் பந்து, இதற்கு நேராக நிற்பதுதான் உங்கள் இடம். கொஞ்சம் பின்தங்கினால் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைப்பார்கள்; கணக்குப் போட்டால் பயமாக இருக்கும். டிஃபென்டர் உங்களிடமிருந்து 10 மீட்டர் உள்ளே நிற்கிறார். ஃபார்வர்டு எதிர்ப்பக்கத்தில், உங்களிடமிருந்து 40 மீட்டர் தள்ளி. நீங்கள் டிஃபென்டரின் கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால், சென்டர் லைன் பக்கம் நிற்கிறீர்கள். உங்கள் கண்ணிலிருந்து டிஃபென்டர் வழியாக ஒரு கயிற்றை இழுத்தால், ஃபார்வர்டு நிற்கும் தூரத்தில் அது டிஃபென்டரின் கோட்டைவிட 6 மீட்டர் முன்னால் போய் விழும். அதாவது 6 மீட்டர் ஆஃப்சைடில் இருப்பவன் உங்களுக்குச் சரிசமமாகத் தெரிவான். நீங்கள் 2 மீட்டர் முன்னால் போயிருந்தால் தலைகீழ்: 6 மீட்டர் பின்னால் நிற்கும் அப்பாவிக்குக் கொடி தூக்குவீர்கள். கேலரியில் உட்கார்ந்து ஏசுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோணல் கோணத்திலிருந்துதான் பார்க்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரக் கணக்கும் அப்படித்தான். ஃபார்வர்டு நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் உள்ளே ஓடுகிறான், டிஃபென்டர் 5 மீட்டர் வேகத்தில் வெளியே ஏறுகிறான் என்றால், நொடியில் பத்தில் ஒரு பங்கில் இருவருக்கும் நடுவே 1.2 மீட்டர் மாறிவிடும். பாஸ் அடிப்பவனைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கோட்டுக்குத் திருப்பும் நேரம் அதற்கு மேல். அதனால் கண் கோட்டில், காது பந்தில் என்று பழகச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் 40 மீட்டரைக் கடக்க ஒலிக்கே பத்தில் ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். கடல்காற்று எதிரே அடித்தால் கேட்கவே கேட்காது. பாஸ் வரப்போகிறது என்பதை அடிப்பவனின் உடல் சாய்வில் ஓரக்கண்ணால் பிடித்துவிட்டு, அடிக்கும் நொடியில் கண்ணைக் கோட்டில் வைத்திருப்பதுதான் நடைமுறையில் உதவும். சின்ன தூரத்துக்குப் பக்கவாட்டில் நகருங்கள், மைதானத்துக்கு முதுகு காட்டாதீர்கள். கோட்டில் இல்லை, சந்தேகம் என்றால் கொடியைத் தூக்காதீர்கள்.

இனி அந்த பாக்ஸ் ஃபவுல். இதில் இருவர் பக்கமும் கோளாறு இருந்திருக்க வாய்ப்பு உண்டு. லைன்ஸ்மேன் ஃபவுலுக்குக் கொடி தூக்குமுன் தன்னையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: ரெஃப்ரிக்கு இது மறைந்ததா? அவர் பார்த்திருந்தால் விசிலடித்திருப்பாரா, அல்லது அட்வான்டேஜ் (ஃபவுல் பட்ட அணிக்கு ஆதாயம் என்று ஆட்டத்தை ஓடவிடுவது) கொடுத்திருப்பாரா? பாக்ஸுக்குள் என்றால் முதல் வேலை கொடி இல்லை, ரெஃப்ரியின் முகம். அவர் நன்றாகப் பார்க்கும் இடத்தில் நின்று, 'ஒன்றுமில்லை' என்று கை காட்டினால் உங்கள் வேலை முடிந்தது. அவர் கண்ணை ஆட்கள் மறைத்திருக்கிறார்கள், அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை என்றால் கொடியை உயர்த்தி லேசாக இருபுறமும் அசைக்க வேண்டும். பாய்மரம் மாதிரி வீசினால் பார்ப்பவர்களுக்குக் கோபம்தான் வரும். பிறகு டச் லைன் (பக்கக் கோடு) வழியாகக் கார்னர் கொடியை நோக்கித் தெளிவாக நகர வேண்டும். அந்த நகர்வுக்கு அர்த்தம் 'உள்ளே, பெனால்டி'. ஃபவுல் பாக்ஸுக்கு வெளியே என்றால் சென்டர் லைன் பக்கமாக நகர்வது. எந்தக் கையால் தூக்குகிறீர்கள் என்பதும் பேசும்: அடுத்து எந்தப் பக்கம் காட்டப்போகிறீர்களோ அந்தக் கையில்தான் கொடி முதலிலேயே எழ வேண்டும். கை மாற்ற நேர்ந்தால் இடுப்புக்குக் கீழே மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

அப்படியும் ரெஃப்ரி பார்க்கவில்லை, பந்து மறுபக்கம் போய்விட்டது. இங்கேதான் மூன்றாவது ஆள் தேவை. எதிர்ப்பக்க லைன்ஸ்மேன், நண்பனின் கொடி மேலே நிற்பதைப் பார்த்ததும் தானும் தூக்கி, ரெஃப்ரி திரும்பியதும் அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்தால்தான் நடக்கும். பெரும்பாலான ஊர் ஆட்டங்களில் இரண்டு லைன்ஸ்மேன்களும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. கோல் விழுந்தபிறகும் காரியம் கெட்டுவிடவில்லை. சென்டரில் பந்தை வைத்து மறுபடி ஆடும்வரை ரெஃப்ரி தன் முடிவை மாற்றலாம்: உங்கள் தகவலை ஏற்று அந்தக் கோலை ரத்து செய்துவிட்டு இந்தப் பக்கம் பெனால்டி கொடுக்க விதி இடம் தருகிறது. கிக் ஆஃப் ஆனபின் பெனால்டி கிடையாது. அதற்கு முன்பே நீங்கள் கொடி தூக்கிச் சொல்ல முயன்ற வன்முறை போன்ற குற்றத்துக்குக் கார்டு மட்டும் காட்டலாம். அதனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, கொடியை இறக்காமல், தேவைப்பட்டால் மைதானத்துக்குள் இரண்டு மூன்று மீட்டர் இறங்கி, ரெஃப்ரியை வரவழைப்பது. கோல் விழுந்ததும் கொடியை இறக்கிவிட்டு நீங்களும் சென்டருக்கு ஓடியிருந்தால், 'கோல் சரி' என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடும். ஏனென்றால் கோல் ஒப்புக்கொள்ளும் சைகையே அதுதான்: கொடி தூக்காமல் சென்டர் லைனை நோக்கி 25 முதல் 30 மீட்டர் ஓடுவது. பந்து கோட்டைத் தாண்டித் திரும்பி வந்து ஆட்டம் தொடர்வதுபோலத் தெரிந்தால் மட்டும் முதலில் கொடி தூக்கி, பிறகு ஓட வேண்டும். கோலில் ஏதோ சந்தேகம், பேச வேண்டும் என்றால் ஓடாமல் நின்ற இடத்திலேயே விறைப்பாக நிற்பது வழக்கம். இந்தக் கடைசிச் சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் தூங்கிவிட்டான் என்று நினைப்பார்கள்.

ரெஃப்ரியின் கோளாறு என்னவாக இருக்கலாம்? பந்து உங்கள் மூலையில் இருக்கும்போது உங்களையும் சேர்த்துப் பார்க்கும்படி அவர் நிற்க வேண்டும். 1930-களில் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரூஸ் பரப்பிய மூலைவிட்ட ஓட்டம் இதற்காகத்தான். ரெஃப்ரி ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓடுவார், மற்ற இரண்டு மூலைகளை லைன்ஸ்மேன்கள் பார்ப்பார்கள். ஆட்டம் எப்போதும் ரெஃப்ரிக்கும் ஒரு லைன்ஸ்மேனுக்கும் நடுவில் மாட்டும். ரெஃப்ரி பந்துக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடினால் நீங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறீர்கள். ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும், பந்து வெளியே போகும் ஒவ்வொரு முறையும் அரை நொடி லைன்ஸ்மேனைப் பார்ப்பது ரெஃப்ரியின் கடமை. ஹெட்செட் இல்லாத இடத்தில் இதற்கு மாற்றே கிடையாது. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிதான் எதிராளியைத் தலையால் முட்டியதை ரெஃப்ரி எலிசோண்டோ பார்க்கவில்லை. நான்காவது அதிகாரி ஹெட்செட்டில் சொல்லித்தான் சிவப்பு அட்டை வந்தது. நம் ஊரில் அந்தத் தகவல் வந்து சேர இருக்கும் ஒரே வழி ரெஃப்ரியின் கழுத்துத் திருப்பம்.

அவர் மலையாளி, நீங்கள் தமிழர் என்பது இந்தக் கரையில் பெரிய தடையில்லை. எல்லைக்கு இந்தப் பக்கக் கொல்லங்கோட்டுக்கும் அந்தப் பக்கப் பொழியூருக்கும் நடுவில் யார் எந்த மொழி பேசுகிறார் என்று கோடு போட முடியாது. மொழி புரிந்தும் தகவல் தவறிப்போவதுதான் ஆபத்து. 1966 உலகக் கோப்பை இறுதியில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. ஸ்விட்சர்லாந்து ரெஃப்ரி டீன்ஸ்ட், சோவியத் லைன்ஸ்மேன் பஹ்ராமோவிடம் ஓடினார். இருவருக்கும் பொதுமொழி இல்லை, ஒரு தலையசைப்பில் கோல் ஆனது. நம் ஆட்களிடம் அந்தத் தலையசைப்பை நம்பவே கூடாது. நாம் தலையை ஆட்டுவது ஆமாவா, இல்லையா, 'சரி பார்ப்போம்' என்பதா என்று பக்கத்திலிருப்பவருக்கே தெரியாது. 40 மீட்டரில் இன்னும் மோசம். தலையை விட்டுவிட்டுக் கையை வைத்துக்கொள்ளுங்கள். 'ஓகே' என்ற சொல்லும் அதே ரகம்தான். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கியிருந்தார். வி.ஏ.ஆர். அறையில் பார்த்தவர்கள் ஆன்சைடு என்று சரியாகவே கண்டார்கள், ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து 'பார்த்தாகிவிட்டது' என்று மட்டும் சொன்னார்கள். நல்ல கோல் போய்விட்டது. அத்தனை கேமராவும் கருவியும் இருந்து, 'ஆன்சைடு, கோல்' என்ற இரண்டு சொல் இல்லாமல் கெட்ட காரியம் அது.

அதனால் ரெஃப்ரி உங்களிடம் வந்து கேட்டால் சொல்ல வேண்டிய வரிசை: சட்டை நிறம், எண், என்ன செய்தான், என்ன கொடுக்கலாம். "நீலம், ஏழு, முழங்கையால் முகத்தில், சிவப்பு." அவ்வளவு போதும். எண்ணை வாயால் சொல்லும்போது விரலாலும் காட்டுங்கள்; கூட்டத்தின் சத்தத்தில் ஏழும் எட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இடத்தை இடது வலது என்று சொல்லாதீர்கள், எதிரெதிரே நிற்பவர்களுக்கு அது மாறிவிடும். கடல் பக்கம், ரோட்டுப் பக்கம் என்று சொன்னால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். பேசும்போது இருவரும் மைதானத்தைப் பார்த்து நில்லுங்கள். ஆட்டக்காரர்கள் காதில் விழாது, அவர்கள் நடுவில் அடிதடி தொடங்கினாலும் கண்ணில் படும். கைகலப்பு வந்தேவிட்டால் அருகிலிருக்கும் லைன்ஸ்மேன் உள்ளே போகலாம், மற்றவர் கோட்டிலேயே நின்று யார் யாரை அடித்தார் என்று எண்களைக் குறிக்க வேண்டும். இருவரும் விலக்கப் போய்விட்டால் பிறகு எழுத ஆள் இருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த மூலைவிட்டத்தில் ரெஃப்ரி ஓடப்போகிறார் என்பது முதலில். வழக்கமான ஓட்டத்தில் மைதானத்தைப் பார்த்து நின்றால் கோல் லைன் உங்கள் வலக்கைப் பக்கம் வரும். ஆஃப்சைடுக்கும் கோல் கிக்குக்கும் கார்னருக்கும் வலக்கையில் கொடி பிடித்தால் பார்வை மறைக்காது. அடுத்தது த்ரோ. உங்கள் காலடியில் வெளியே போனால் நீங்கள் திசையைக் காட்டுங்கள். தள்ளிப் போய், யார் மேல் பட்டது என்று தெரியாவிட்டால் கொடியை நேரே தூக்கி 'வெளியே' என்று மட்டும் சொல்லி, ரெஃப்ரி முகத்தைப் பார்த்து அவர் காட்டும் பக்கம் காட்டுங்கள். ரெஃப்ரியும் அவசரப்பட்டுக் கை நீட்டாமல், லைன்ஸ்மேனின் பக்கம் என்றால் அவருக்கு ஒரு நொடி விட வேண்டும். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் காட்டி நிற்பதுதான் கூட்டத்துக்கு முதல் தீனி. பெனால்டி அடிக்கும்போது பாக்ஸ் கோடும் கோல் லைனும் சேரும் இடத்தில் லைன்ஸ்மேன் நிற்க வேண்டும். கோலியின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டிலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருந்ததா என்பதும், பந்து தாண்டியதா என்பதும் அவர் கணக்கு. உள்ளே ஓடி வந்தவர்கள் ரெஃப்ரி கணக்கு. மஞ்சளுக்கு நெஞ்சைத் தொடுவது, சிவப்புக்குப் பின் பாக்கெட்டைத் தொடுவது போன்றவை விதிப்புத்தகத்தில் இல்லாத பழக்கங்கள், ஆளுக்கு ஆள் மாறும். அன்றைய ரெஃப்ரி எதைச் சொல்கிறாரோ அதுவே அன்றைக்குச் சட்டம்.

கார்டுகளை மூன்று பேரும் தனித்தனியாக எழுதுங்கள். 2006 உலகக் கோப்பையில் குரோஷியா–ஆஸ்திரேலியா ஆட்டத்தில் கிரஹாம் போல் என்ற பெயர்பெற்ற ரெஃப்ரி, சிமுனிச் என்ற ஒரே ஆளுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகுதான் வெளியே அனுப்பினார்; இரண்டாவதை வேறொருவர் எண்ணில் குறித்துவிட்டார். கூட இருந்தவர்களும் தடுக்கவில்லை. இரண்டாவது மஞ்சள் என்று தெரிந்தால் ரெஃப்ரி நடையைக் கட்டுமுன் கூப்பிட்டுச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

ஃப்ரீ கிக்கில் ஒரு சிக்கல் இந்தப் பக்கத்து ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட்டின் கூடுதல் நேரத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி, எதிரணி தயாராகுமுன் ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்து கோலாக்க, கேரளா பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறியது. யார் சரி என்ற சண்டை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது நடைமுறை: பந்துக்கு முன்னால் சுவர்போல வரிசையாக நிற்கும் எதிராளிகளைப் பின்னுக்குத் தள்ள ரெஃப்ரி போகிறார் என்றால், விசிலைக் கையில் தூக்கிக் காட்டி 'விசில் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்' என்று அடிப்பவனுக்குச் சொல்லிவிட வேண்டும், அதை லைன்ஸ்மேனும் பார்த்திருக்க வேண்டும். பந்திலிருந்து எதிராளிகள் விலகி நிற்க வேண்டிய 9.15 மீட்டரை ரெஃப்ரி அளக்கப் போகும்போது பந்து நகர்த்தப்படுகிறதா என்று பார்ப்பது லைன்ஸ்மேன். அருகில் என்றால் ரெஃப்ரி கேட்டுக்கொண்டபடி அவரே உள்ளே இறங்கித் தூரத்தைப் பார்க்கலாம். அடிக்குமுன் அவர் ஆஃப்சைடு கோட்டுக்குத் திரும்பும்வரை ரெஃப்ரி விசிலடிக்கக் கூடாது.

நான் சொன்னது பதினொருவர் ஆட்டத்துக்கு. உங்கள் டூர்னமென்ட் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) என்றால் பெரும்பாலும் ஆஃப்சைடே இருக்காது, ஆட்ட நேரமும் மாறும். கமிட்டியின் விதியை எழுத்தில் வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டவிதிகளும் ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் திருத்தத்தோடு நடப்புக்கு வருகின்றன என்பதால் பழைய புத்தகத்தை வைத்து ரெஃப்ரியோடு வாதாட வேண்டாம். லைன்ஸ்மேன் இருவரும் ஆடும் கிளப்புகளின் ஆட்கள் என்றால், 'பந்து வெளியே போவதை மட்டும் காட்டினால் போதும்' என்று சில ரெஃப்ரிகள் சொல்வார்கள். அது அவமானமில்லை. ஊர் உங்கள் கொடியில் சாயம் பார்ப்பதிலிருந்து அது உங்களையும் காப்பாற்றுகிறது. உங்கள் ரெஃப்ரி அன்று மனதில் அப்படி வைத்திருந்து வாயால் சொல்லாமல் விட்டிருக்கவும் கூடும். எனக்கென்னவோ இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அவரைக் கேட்டால்தான் தெரியும்.

வரும் ஞாயிறு அதே ரெஃப்ரியோடு நிற்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய், 'சேட்டா, ஃபவுலுக்கு நான் கொடி தூக்கலாமா, எவ்வளவு தூரம்வரை?' என்று கேளுங்கள். பொதுவாக டச் லைனிலிருந்து 10, 15 மீட்டருக்குள் உங்களுக்கு, மற்றது அவருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். போன ஆட்டத்துக் கதையை அப்போது எடுக்காதீர்கள், இடைவேளையில் எடுக்கலாம். கமிட்டியிடம் ஒரு கயிறு கேட்டு டச் லைனுக்கு வெளியே ஒன்றரை மீட்டராவது விட்டுக் கட்டச் சொல்லுங்கள். கூட்டம் கோட்டில் கால் வைத்து நிற்கும் இடத்தில் எந்த லைன்ஸ்மேனாலும் கோட்டைப் பிடிக்க முடியாது. மணலில் போட்ட சுண்ணாம்புக் கோடு இரண்டாம் பாதிக்குள் கால்பட்டு அழிந்துபோகும், இடைவேளையில் மறுபடி போடவைக்க வேண்டும். பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ.; அது மண்ணைத் தொடும் இடம் கோட்டின் வெளி விளிம்பைத் தாண்டி 11 செ.மீ. போகும்வரை பந்து உள்ளேதான், கோடே இல்லாமல் இதை எப்படிப் பார்ப்பது? மாலை ஆட்டத்தில் ரோட்டுப் பக்க லைனில் நிற்பவருக்குக் கடலில் இறங்கும் சூரியன் நேர் கண்ணில் அடிக்கும், முன்விளிம்பு உள்ள தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கொடித்துணி காற்றில் கம்பைச் சுற்றிக்கொள்ளும், ஓடும்போது சுருட்டாமல் ரெஃப்ரி பார்க்கும் பக்கத்துக் கையில் கீழே தொங்கவிட்டு, தூக்கும்போது மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் விரிந்துவிடும்.